ஒரே ஒரு கம்பி

இருட்டில் ஒளிரும் சன்னலைப் பார்த்து, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாது. எங்கள் திரிப்போலி நகரத்து அபூ சம்ரா குன்றில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, மீறியவரும் இல்லை. அரசு மின்சாரம் நாளில் எப்போதாவது வந்து, வந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் போய்விடும். மற்ற வேளைகளில், தெருமுனை ஜெனரேட்டருக்குச் சந்தா கட்டியவர்கள் தங்கள் பணத்துக்கேற்ற வெளிச்சத்தில் வாழ்வார்கள். அந்த ஜெனரேட்டரும் நின்ற பிறகு எங்கோ ஒரு விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு குளியலறையிலிருந்து வெந்நீரின் ஆவி கிளம்பினால், பார்த்தவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். பிறருடைய வெளிச்சத்தின் ஊற்றைத் தேடிப் புறப்படுகிறவர் வழியில் தன் வீட்டுக் கம்பியிலேயே இடறி விழ நேரும் என்பது எல்லோரும் அறிந்தது.

நஜ்லாவின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. அவள் கதவுக்கு மேலே, காரை பெயர்ந்த ஓர் ஓட்டை வழியாக, மெல்லிய வெள்ளைக் கம்பி ஒன்று உள்ளே நுழைந்தது. அது மாடிப்படி விளக்கிலிருந்து பிரிந்து வந்தது. மாடிப்படி விளக்குக்கான சந்தாவைக் கட்டடத்தின் எல்லாக் குடும்பங்களும் பங்கிட்டுக் கட்டின. அந்தக் கம்பிக்குக் கீழே நடந்து போகாதவர் கட்டடத்தில் இல்லை. நிமிர்ந்து பார்த்தவரும் இல்லை.

அன்றைக்கு அந்தக் கம்பியாலும் பயனில்லாமல் போயிற்று. முந்தைய நாள் ஜெனரேட்டரின் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. உதிரிப்பாகம் பெய்ரூத்திலிருந்து வர வேண்டும் என்று அதன் உரிமையாளர் சொல்லி அனுப்பியிருந்தார். எப்போது வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நஜ்லாவின் கணவர் முன்திர் தன் வாழ்நாள் முழுவதும் இனிப்புக் கடை அடுப்பின் முன் நின்றவர். நெய்ப்புகையும் சர்க்கரை ஆவியும் அவருடைய நுரையீரலைக் காய்ந்த தோலைப் போல் ஆக்கிவிட்டிருந்தன. கட்டிலருகே இருந்த ஆக்ஸிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருக்கும் வரை அவர் பேசுவார், சிரிப்பார், சமையலில் குறை சொல்வார். இப்போது இயந்திரம் ஊமையாகி, சிலிண்டரிலிருந்து நீண்ட குழாய் அவர் மூக்கில் இருந்தது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. நஜ்லா மூன்று கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டாள். காலி சிலிண்டர் வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் தருவதாக ஒருவன் சொன்னான். மருத்துவமனையில் கேட்டபோது, ஆக்ஸிஜனை நீங்களே கொண்டுவந்தால் நோயாளியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, மகன் தாரிக் சிட்னியிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய இன்வெர்ட்டர். அதைத்தான் மின்பணியாளன் ஷவ்கி காலையிலிருந்து நடைவழிச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தான். கை ஓயாததைப் போலவே அவன் வாயும் ஓயவில்லை. ஊர் வழக்கப்படி மகன் பெயரைச் சேர்த்து, நஜ்லாவை உம்மு தாரிக் என்றும் முன்திரை அபூ தாரிக் என்றும் அழைத்தான்.

"உம்மு தாரிக், இந்த மெயின் பாக்ஸ்ல முன்னாடி கை வெச்ச மகராசன் யாரு? கம்பியெல்லாம் பின்னிக்கிட்டுக் கிடக்கு. சேமியா குனாஃபாவப் பிச்சுப் போட்ட மாதிரி!"

உள்ளறையிலிருந்து முன்திரின் குரல் மூச்சுக்கு மூச்சு நின்று வந்தது. "குனாஃபாவ... ஏம்ப்பா கேவலப்படுத்தற? குனாஃபாவுல... ஒரு ஒழுங்கு உண்டு."

"தப்புத்தான் அபூ தாரிக், மன்னிச்சுக்குங்க! தட்டு நிறைய வாங்கித் தர்றேன், எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க."

பேச்சு எப்படியோ, வேலையில் ஷவ்கி பிசகில்லாதவன். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாகச் சிறு பெட்டி ஒன்றை வைத்தான். படுக்கையறைப் பிளக்கையும் ஒரு விளக்கையும் குளிர்ப்பெட்டியையும் மட்டும் பழையதிலிருந்து பிரித்துப் புதியதற்கு மாற்றினான். ஏசியும் வெந்நீர்க் கொதிகலனும் பழைய பெட்டியிலேயே கிடந்தன. அவை பேட்டரியை ஒரே வாயில் விழுங்கிவிடும் என்றான். மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பிகளை மட்டும் மாற்றிவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவதுதான் ஊர் வழக்கம். ஷவ்கி அவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிய பெட்டிக்குக் கொண்டுவந்தான். பச்சை எர்த் கம்பியைக் கடைசியாக முறுக்கி, இழுத்துப் பார்த்தான்.

"ஊர்ல எல்லாரும் நியூட்ரல ஒரு பொருட்டாவே மதிக்க மாட்டாங்க. அதுல ஒண்ணுமில்ல, தொட்டாலும் ஒண்ணும் ஆகாதும்பாங்க. ஆளக் கொல்றது பாதி நேரம் அதுதான்."

"சீக்கிரம் மேஸ்திரி. அல்லா உங்க கைக்குத் தெம்பு குடுக்கட்டும். முள்ளு சிவப்புல ஏறிடுச்சு."

அவன் சுவிட்சைத் தள்ளினான். இயந்திரம் ஒருமுறை செருமிவிட்டு முனகத் தொடங்கியது. நஜ்லா ஓடிப்போய்க் குழாயை மாற்றினாள். சிலிண்டரின் கடைசி மிச்சத்தைத் திருகி மூடினாள். முன்திரின் உதடுகளில் நீலம் மெல்ல வடிந்தது.

ஆனால் பேட்டரியின் முகத்தில் இருந்த நான்கு விளக்குகளில் ஒன்று மட்டுமே எரிந்தது. அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கிடங்கில் நெடுங்காலம் கிடந்த பேட்டரி அது.

"இது ரொம்ப நேரம் தாங்காது," என்றான் ஷவ்கி, முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி. "ஆனா அரசு கரண்ட் வந்துட்டாப் போதும். ஒரு மணி நேரம் நின்னாக்கூட, விடியற வரைக்கும் ஓட்டற அளவுக்கு ஏறிடும்."

அவன் சொல்லி முடித்துச் சிறிது நேரத்துக்கெல்லாம், கீழ்த்தெருவில் தொடங்கிய கூவல் மாடிகள்தோறும் ஏறி வந்தது. "அரசு வந்துடுச்சு! அரசு வந்துடுச்சு!" சுவர்களுக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரங்கள் உறுமின, தண்ணீர் மோட்டார்கள் ஓடின. நஜ்லா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

இன்வெர்ட்டர் அரசு மின்சாரத்தை ஏற்றது, உடனே உதறியது. மறுபடி ஏற்றது, மறுபடி உதறியது. ஒவ்வோர் உதறலுக்கும் உள்ளே 'டக்' என்று ஓர் ஒலி. அதன் சிறு திரையில் மின்னழுத்தம் நூற்றைம்பதுக்கு இறங்கியது, முந்நூறை நோக்கித் தாவியது, மீண்டும் விழுந்தது. நடைவழி விளக்கு ஒருகணம் வெள்ளையாய்ச் சீறி, மறுகணம் சிவந்து மங்கியது. எங்கோ கீழ்மாடியில் ஏதோ வெடித்தது. ஒரு பெண் அலறினாள்.

"சார்ஜ் ஏறலியே மேஸ்திரி?"

"ஏத்திக்காது. இந்தக் கரண்ட உள்ள விட்டா அதோட வயிறு எரிஞ்சு போயிடும், அதனால கதவச் சாத்திக்குது." அவன் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். "நம்ம வீட்டுக் கோளாறு இல்ல இது. மீட்டர் ரூமுக்கு வாங்க."

தரைத்தளத்து மீட்டர் அறையில் தீய்ந்த ரப்பரின் வாடை அடித்தது. ஷவ்கி கைவிளக்கை உயர்த்தினான். தெருவிலிருந்து வரும் தடித்த நியூட்ரல் கம்பி கட்டடத்துக் கம்பியோடு சேரும் முடிச்சு கரிந்து, கறுத்து, உள்ளுக்குள் பொறி கக்கிக்கொண்டிருந்தது. அவன் கட்டடத்தின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். ஐந்து மாடிகளும் ஒரே மூச்சில் ஓய்ந்தன.

"எவன்டா அது மெயின நிறுத்தினது?" மேலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. இரண்டாம் மாடி நஸீஹ், கடலோரத்தில் மீன் ஏலம் விடுகிறவர். "எப்பவாவது வர்ற அரசு! வீட்டுக்கு வந்த விருந்தாளியத் துரத்தற மாதிரி துரத்தறியே!"

"உங்க டிவியக் காப்பாத்தத்தான் நிறுத்தினேன், அண்ணே!"

"டிவி இப்பத்தான்டா வெடிச்சுது!"

ஷவ்கி முடிச்சின் பக்கம் திரும்பினான். பழக்கத்தால் டெஸ்டரின் நுனியைக் கரிந்த முடிச்சில் வைத்தான். டெஸ்டரின் வயிற்றில் செவ்வொளி பூத்தது. மெயினைப் பார்த்தான்; அது கீழே இறங்கித்தான் இருந்தது. மீண்டும் வைத்தான். மீண்டும் ஒளிர்ந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"உம்மு தாரிக், மெயின் சுவிட்சு ஃபேஸத்தான் நிறுத்தும், நியூட்ரல நிறுத்தாது. அதுல கரண்ட் இருக்கவே கூடாது. ஆனா இருக்கு. கட்டடத்துல யாரோ வெளியிலேருந்து ஒத்தக் கம்பி இழுத்திருக்காங்க. ஃபேஸ வேற தெருவுலேருந்து எடுத்துக்கிட்டு, திரும்பற வழிக்கு நம்ம எல்லாரோட நியூட்ரலையும் பயன்படுத்தறாங்க. வருஷக்கணக்கா அந்தச் சுமையத் தாங்கித்தான் இந்த முடிச்சு வெந்துருக்கு."

"இத மாத்திக் கட்டிட்டா?"

"கட்டிட்டா எல்லாம் சரி. கால் மணி நேரத்து வேலை. ஆனா முடிச்சப் பிரிச்ச நிமிஷம், அந்த வீட்டுக் கரண்ட் மொத்தமும் திரும்பிப் போக வழி தேடும். என் கைதான் வழி." அவன் அவளைப் பார்த்தான். "யாரு வீடுன்னு சொல்லுங்க. அந்தக் கால் மணி நேரம் கம்பிய அவங்க கழட்டி வெச்சாப் போதும். யாருன்னு தெரியுமா?"

நஜ்லாவுக்குத் தெரியும். ஊரே இருண்டு கிடந்த எத்தனையோ மாலைகளில், அவள் குளியலறைச் சன்னல் திறக்கும் வெளிச்சக் கிணற்றில் மேல்மாடியிலிருந்து சோப்பு மணக்கும் ஆவி இறங்கி வந்திருக்கிறது. மின்சாரமே இல்லாத வேளையில் கூரைக்கு மேலே துணி துவைக்கும் இயந்திரம் சுழன்று முடித்து அதிரும் அதிர்வில் அவள் வீட்டுக் கோப்பைகள் கிணுகிணுத்திருக்கின்றன. நான்காம் மாடி உம்மு ஸுஹைர் ஊரார் துணியைத் துவைத்துப் பிழைக்கிறவள். கட்டடத்துப் பின்தெருவின் ஜெனரேட்டர் வேறொருவனுடையது; தன் கம்பியில் கொக்கி போட்டவனின் விரல்களை நடுத்தெருவில் வைத்து முறித்தவன் அவன்.

"தெரியாது," என்றாள் நஜ்லா. சொல்லிவிட்டு, படியேறி நான்காம் மாடிக்குப் போனாள்.

கதவைப் பாதி திறந்து நின்ற உம்மு ஸுஹைரின் கைகள் முழங்கை வரை ஈரமாக இருந்தன. அவளுக்குப் பின்னால் இருட்டு நடைவழியின் கோடியில் மங்கலான மஞ்சள் வெளிச்சம் துடித்தது. இயந்திரத்தின் உருளை தளர்ந்து தளர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"வா கண்ணு, வா! அபூ தாரிக் எப்படி இருக்கார்? உள்ள வா, காபி போடறேன்."

"காபி வேணாங்க. அவருக்கு மூச்சு... பேட்டரி ஏற மாட்டேங்குது. கீழ மேஸ்திரி நிக்கிறார். கட்டடத்துல எங்கயாவது ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா, கொஞ்ச நேரம் நிறுத்தினா நல்லாருக்கும்னு..."

"என்ன ஓடும் கண்ணு? கரண்டே இல்லியே! மெயினையே நிறுத்திட்டாங்களாம்?"

உருளை உள்ளே தடதடத்தது. உம்மு ஸுஹைர் தன் குரலை அதற்கு மேலே ஏற்றினாள். "அந்தச் சத்தமா? அது மேல்வீட்டுத் தண்ணி பம்பு!"

மின்சாரம் இல்லாத கட்டடத்தில் எந்தப் பம்பும் ஓடாது. அது இருவருக்கும் தெரியும். நஜ்லாவின் நாவு நெடுநாள் பழக்கத்தில் தானாகவே புரண்டது.

"ஆமா. பம்புதான்."

ஒருகணம் இருவரும் மற்றவரின் கண்ணைத் தவிர்த்தார்கள். பிறகு உம்மு ஸுஹைர் நஜ்லாவின் மணிக்கட்டைப் பற்றினாள். அந்த ஈரக் கை வெதுவெதுப்பாக இருந்தது.

"நஜ்லா, ஏழைங்க வீட்டுல ஒரே ஒரு கம்பி இருந்தா, அது யாரு உயிர எடுத்துடப் போகுது? தெரிஞ்சா பின்தெரு ஜெனரேட்டர்காரன் என்னை உசுரோட விடமாட்டான்." அவள் கிசுகிசுத்தாள். "உன் கதவுக்கு மேல நான் ஒருநாளாவது நிமிந்து பாத்திருக்கேனா, சொல்லு?"

கதவு மென்மையாக, ஏறத்தாழ மன்னிப்புக் கேட்பது போல, மூடிக்கொண்டது.

நஜ்லா தன் வீட்டு வாசலை அடைந்தபோது பேட்டரி கூவிக்கொண்டிருந்தது. எரிந்த ஒற்றை விளக்கும் அணைந்திருந்தது. அவள் கட்டிலை எட்டுவதற்குள் ஆக்ஸிஜன் இயந்திரம் நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சிலிண்டரைத் திறந்தாள். முள் அசைந்ததா என்பதே தெரியவில்லை. சிவப்பின் அடியாழத்தில் ஒட்டிக்கிடந்தது. முன்திரின் கழுத்து நரம்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு போலப் புடைத்தன.

"பாகு... பதத்துக்கு வந்துருச்சு," என்றார் அவர், சிரிக்க முயன்று. "இன்னும் ரெண்டு கொதி... எறக்கிடலாம்."

"வாய மூடுங்க! எறக்கறதாம் எறக்கறது. மூச்ச வீணாக்காதீங்க."

"நீ... கோவப்பட்டா... நல்லாருக்கு."

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை வைத்தாள். அவசரத்தில் உறை கழன்று விழுந்தது. வெளியே அபூ சம்ரா முழுவதும் அரசு மின்சாரத்தில் இரைந்துகொண்டிருந்தது. எதிர்க்கட்டடத்தில் எல்லாச் சன்னல்களும் ஒளிர்ந்தன. அந்த வெளிச்சம் எந்த நொடியிலும் போய்விடும்.

மாடிப்படியில் கூட்டம் கூடியிருந்தது. எல்லாக் குரல்களும் கீழ்நோக்கியே பாய்ந்தன.

"மெயினப் போடுப்பா! அரசு போயிடப் போவுது!"

"போட்டா மிச்சமிருக்கறதும் வெடிக்கும்!"

"அப்ப ரிப்பேர் பண்ணேன்! மேஸ்திரின்னா சும்மாவா? சிகரெட் புடிக்கத்தான் வந்தியா?" இது நஸீஹ்.

உம்மு ஸுஹைரும் கூட்டத்தில் நின்றாள். ஈரக் கைகளை இடுப்பில் கட்டிய துணிக்குள் சுருட்டி மறைத்திருந்தாள்.

நஜ்லா கைப்பிடிச் சுவருக்கு மேலே குனிந்து பார்த்தாள். மீட்டர் அறையின் கதவு திறந்திருந்தது. ஷவ்கி பழைய கதவுப்பலகை ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தான். கட்டிங் பிளையரின் பிடிமீது ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகி, அவற்றின் மேல் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். நெற்றி வியர்வை கண்ணில் வழிய, தோளால் துடைத்தான்.

"என்ன பண்றீங்க மேஸ்திரி?" அவள் மேலிருந்தே கூவினாள்.

"உங்க பேட்டரி கூவின சத்தம் கேட்டுச்சு." அவன் நிமிரவில்லை. "மரப் பலகை காஞ்சுதான் இருக்கு. எடது கைய பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கறேன். ஒத்தக் கையால பிரிச்சா, நெஞ்சு வழியாப் பாயாதும்பாங்க. பாப்போம்."

"பாப்போமா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க, உம்மு தாரிக். நான்தான் அப்பவே கேட்டேனே. உங்களுக்குத் தெரியாதுன்னுட்டீங்க."

அவன் இடது கையைச் சட்டைப்பைக்குள் நுழைத்தான். பிஸ்மில்லா என்று முணுமுணுத்தான். பிளையரின் வாய் கரிந்த முடிச்சை நோக்கி நகர்ந்தது. அதைச் சுற்றி நீலப் பொறி ஒன்று பூச்சியைப் போல் ஊர்ந்து மறைந்தது.

படியில் நின்றவர்கள் ஓசையடங்கினார்கள். அந்த ஓய்வில் நஜ்லாவுக்கு இரண்டு ஒலிகள் மட்டும் கேட்டன. பின்னால், திறந்த கதவின் வழியே, முன்திரின் மூச்சு இழுபட்டு இழுபட்டு வந்தது. மேலே, ஆளில்லாத வீட்டில், உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கட்டடம் முழுவதற்கும் அது கேட்டது. அத்தனை பேரும் தத்தம் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கை வைக்காதீங்க!"

பிளையர் நின்றது. நஜ்லா தன் வாசலுக்குப் பின்வாங்கி, கதவுக்கு மேலிருந்த வெள்ளைக் கம்பியை எட்டிப் பிடித்து இழுத்தாள். காரைத் தூள் அவள் தலையில் உதிர்ந்தது. கம்பி முழுநீளத்துக்குச் சுவரை விட்டுப் பிய்ந்து வந்து அவள் கையில் தொங்கியது.

"எல்லாரும் மேல பாருங்க. இது மாடிப்படி லைட்டுலேருந்து வர்ற கம்பி. நீங்க குடுக்கற காசுல எங்க வீட்டு லைட்டு எரிஞ்சுது, அவரோட இயந்திரம் ஓடிச்சு. நான்தான் இழுத்தேன். யாரும் என்னைக் கேக்கல. உங்க நல்ல மனசுன்னு நெனச்சிருந்தேன்."

"உம்மு தாரிக், விடுங்க..." என்றார் நஸீஹ். டிவி வெடித்ததற்குக் கூட அவர் குரல் இப்படிப் பதறவில்லை. "இதெல்லாம் இப்ப எதுக்கு? நாம அதையெல்லாம் பேசறதில்ல."

"பேசறதில்ல. அதனாலதான் கீழ ஒருத்தர் பலகை மேல ஒத்தக் கையோட நிக்கறார், உள்ள ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கறார்."

உம்மு ஸுஹைர் ஒரு படி மேலேறினாள், தன் கதவை நோக்கி. நஜ்லா கம்பியோடு அவள் முன்னால் போய் நின்றாள். அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். கட்டடம் முழுவதும் கேட்கும்படி, கீழே பலகைமேல் நின்றவனுக்கும் கேட்கும்படி, நஜ்லா கேட்டாள்:

"உம்மு ஸுஹைர், உங்க வீட்டு வெளிச்சம் எங்கேருந்து வருது?"